முதலாளியின் குரலில் வரும் போலி அழைப்பு: கொள்முதல் அலுவலகத்தில் என்ன கட்டுப்பாடு வைக்கலாம்?

கேள்வி: மண்டபம் மேலாளர்

ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் என்ற ஊருக்கு அருகில் நண்டு, கணவாய், இறால் ஆகியவற்றை வாங்கிப் பதப்படுத்தி அனுப்பும் நடுத்தர நிறுவனம் ஒன்றில் மேலாளராக இருக்கிறேன். எங்கள் முதலாளி கீழக்கரைக்காரர். ஆண்டில் பாதி நாள் துபாயிலோ கொச்சியிலோ இருப்பார் என்பதால், விலையை முடிவு செய்வது முதல் படகுக்காரர்களுக்கு முன்பணம் கொடுப்பது வரை எல்லாமே அவர் தொலைபேசியில் சொல்லும் வாய்வார்த்தையில்தான் நடக்கிறது. இந்தக் கடற்கரையில் தொழில் செய்யும் எவருக்கும் இது புதிதல்ல. விடியற்காலையில் பாம்பனில் ஏலம் நடந்துகொண்டிருக்கும்போது மின்னஞ்சலில் ஒப்புதல் கேட்டுக் காத்திருக்க முடியாது.

அண்மையில் ஒரு நாள் பிற்பகல், எங்கள் கணக்கருக்கு வாட்ஸ்அப்பில் ஓர் அழைப்பு வந்தது. எண் புதியது, ஆனால் அதில் இருந்த படம் முதலாளியுடையது. "தம்பி, கேளுங்க, இது துபாய்ல புதுசா எடுத்த நம்பர்" என்று தொடங்கி, தூத்துக்குடித் துறைமுகத்தில் நம்முடைய ரீஃபர் (குளிரூட்டப்பட்ட) கண்டெய்னர் நிற்கிறது, நான்கு மணிக்குள் ஏஜென்டுக்கு 4,80,000 ரூபாய் போகாவிட்டால் கப்பல் தவறிவிடும், கணக்கு எண்ணை அனுப்புகிறேன், உடனே போடுங்கள் என்று அந்தக் குரல் சொல்லியிருக்கிறது. "தம்பி, கேளுங்க" என்ற தொடக்கமும், பேச்சின் நடுவே அவர் வழக்கமாக இருமும் சிறு இருமலும்கூட அப்படியே இருந்தன என்று கணக்கர் சத்தியம் செய்கிறார்.

அவர் கணக்கு எண்ணை வங்கித் தளத்தில் பதிவிட்டபோது, ஏஜென்சியின் பெயருக்குப் பதிலாக முன்பின் தெரியாத ஒரு தனிநபரின் பெயர் திரையில் வந்தது. கேட்டதற்கு, "அது ஏஜென்டோட மச்சான் கணக்கு, ஜிஎஸ்டி பிரச்சினை, நீங்க போடுங்க" என்று பதில் வந்தது. அதில் சந்தேகப்பட்டு அவர் என்னிடம் வந்தார். முதலாளியின் பழைய எண் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அவர் மகனை அழைத்தபோதுதான், முதலாளி அப்போது விமானத்தில் இருப்பது தெரிந்தது. விமான நிலையத்தில் எடுத்த படத்தை அன்று காலையில் அவரே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்திருந்தார் என்பதையும் பிறகு கவனித்தோம்.

பணம் போகவில்லை. ஆனால் அந்தப் பெயர் ஏஜென்சியின் பெயரை ஒட்டி இருந்திருந்தால் போயிருக்கும். முதலாளியிடம் சொன்னபோது, "இனிமேல் என் குரலை நல்லாக் கவனிச்சுக் கேளுங்க" என்றார். அது போதாது என்று என் மனத்துக்குப் படுகிறது. போலிக் குரலைக் கண்டுபிடித்துச் சொல்லும் செயலி ஏதேனும் நம்பத்தக்கதாக இருக்கிறதா, இல்லையென்றால் தொழிலைத் தடுக்காமல் என்ன விதி வைக்கலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், ராமநாதபுரம்

மேலாளர் ஐயா, உங்கள் முதலாளி சொன்ன யோசனைதான் இந்த மோசடியில் மிகவும் ஆபத்தானது. 2019இல் பிரிட்டனில் ஓர் எரிசக்தி நிறுவனத்தின் தலைவர், ஜெர்மனியிலுள்ள தாய் நிறுவனத்தின் தலைமை அதிகாரி பேசுகிறார் என்று நம்பி 2,20,000 யூரோவை ஹங்கேரியிலுள்ள ஒரு கணக்குக்கு அனுப்பினார். அவர் குரலைக் கவனிக்காமல் ஏமாறவில்லை; தலைமை அதிகாரியின் ஜெர்மானிய உச்சரிப்பையும் பேச்சின் இழுப்பையும் கவனித்து, அது அவருடையதுதான் என்று உறுதியாக அடையாளம் கண்டதால்தான் ஏமாந்தார். கூர்ந்து கேட்பவரின் காதே மோசடிக்காரனுக்குச் சாட்சியாகிவிடுகிறது.

2024 ஜனவரியில் ஹாங்காங்கில் நடந்தது இன்னும் பெரியது. அரப் என்ற பொறியியல் நிறுவனத்தின் ஊழியர் ஒருவருக்கு, பிரிட்டனிலுள்ள நிதித் தலைவர் பெயரில் ரகசியப் பணப் பரிமாற்றம் பற்றிய செய்தி வந்தது. அவர் முதலில் சந்தேகப்பட்டார். பிறகு காணொளிக் கூட்டத்தில் நிதித் தலைவரும் தெரிந்த சக ஊழியர்களும் இருப்பதைக் கண்டு சந்தேகத்தை விட்டுவிட்டார். அந்தக் கூட்டத்தில் அவரைத் தவிர மற்ற எல்லோரும் போலிகள். 15 பரிமாற்றங்களாக ஐந்து கணக்குகளுக்கு 20 கோடி ஹாங்காங் டாலர் போனது. ஆகவே, "குரலில் சந்தேகமா, வீடியோவில் வரச் சொல்லுங்கள்" என்ற யோசனையையும் இப்போதே ஒதுக்கிவிடலாம்.

நான் பரிந்துரைப்பது ஒன்றுதான். பழைய, பதிவான கணக்குகளுக்குப் பணம் அனுப்ப வாய்வார்த்தை போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிய கணக்குக்கோ, பழைய பார்ட்டியின் மாற்றப்பட்ட கணக்கு எண்ணுக்கோ எந்தக் குரலும் செல்லாது என்று வைத்துவிடுங்கள். உங்கள் தொழிலில் பணம் போகும் இடங்களை எண்ணிப் பாருங்கள்: படகு உரிமையாளர்கள், ஐஸ் கம்பெனி, டீசல், பெட்டி வாங்கும் இடம், லாரி, தூத்துக்குடி ஏஜென்ட். இவர்களில் பெரும்பாலானோர் ஆண்டுக்கணக்கில் மாறாதவர்கள். அவர்களுக்குப் போகும் பணத்தைத் தடுக்கத் தேவையில்லை என்பதால், விடியற்காலை ஏலத்துக்கும் இந்த விதிக்கும் மோதல் வராது. மோசடிக்காரனுக்கோ புதிய கணக்கு இல்லாமல் வேலையே நடக்காது.

நடைமுறையில், வங்கியின் நிறுவனக் கணக்கு வசதியில் பதிவிடுபவர் ஒருவராகவும் ஒப்புதல் தருபவர் வேறொருவராகவும் அமைக்கச் சொல்லிக் கிளையில் எழுதிக் கொடுங்கள். புதிய பயனாளியை, அதாவது பணம் பெறுபவரின் கணக்கை, வங்கித் தளத்தில் சேர்ப்பதற்கும் இதே இரட்டை ஒப்புதலைக் கேளுங்கள். பல அலுவலகங்களில் பணம் அனுப்ப இருவர் தேவை, ஆனால் பயனாளியைச் சேர்க்க ஒருவரே போதும் என்று வைத்து ஓட்டை விட்டுவிடுகிறார்கள். ஒப்புதல் தருபவரின் கடவுச்சொல்லும் ஓடிபி வரும் கைபேசியும் கணக்கரின் மேசை இழுப்பறையில் கிடப்பதை நம் பக்கத்து நிறுவனங்களில் நானே பார்த்திருக்கிறேன். அப்படி இருந்தால் இரட்டை ஒப்புதல் காகிதத்தில்தான் இருக்கிறது.

உங்கள் கணக்கரைக் காப்பாற்றியது, நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் ஆகிய வங்கிப் பணப் பரிமாற்ற முறைகளில் பணம் பெறுபவரின் பெயரை முன்கூட்டியே காட்ட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொன்ன ஏற்பாடு. 2025 ஏப்ரல் 1க்குள் வங்கிகள் அதைக் கொண்டுவர வேண்டும் என்று உத்தரவிடப்பட்டது. அதற்கு முன்பு கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சி குறியீடும் சரியாக இருந்தால் போதும், நீங்கள் தட்டச்சு செய்யும் பெயரை யாரும் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. ஆகவே பெயர் மாறி வந்தால், காரணம் எதுவாக இருந்தாலும் அன்றைக்குப் பணம் இல்லை என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். மச்சான் கணக்கு, மருமகன் கணக்கு என்ற பேச்சு நம் ஊரில் உண்மையாகவும் இருக்கும் என்பதுதான் சிக்கல். உண்மையான மச்சான் ஒரு நாள் காத்திருப்பார்.

பதில்: கீழக்கரையிலிருந்து சென்னையில், மென்பொருள் துறை

செயலி பற்றிய கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். 2023 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் வெளியிட்ட வால்-ஈ என்ற செயற்கை நுண்ணறிவு மாதிரியே மூன்று நொடிக் குரலை வைத்து ஒருவரைப் போலப் பேசிக் காட்டியது. நம் பக்கத்து வியாபாரிகளோ நாள் முழுவதும் வாட்ஸ்அப்பில் நிமிடக்கணக்கில் குரல் பதிவுகளை அனுப்புகிறார்கள். "இன்னைக்குக் கணவாய் என்ன விலை" என்று முதலாளி ஒரு குழுவில் பேசிய பதிவு, அங்கிருந்து இன்னொரு குழுவுக்கும் தரகர்களுக்கும் போய்விடுகிறது. அவர் "தம்பி" என்று கூப்பிடும் விதமும் இருமலும் அந்தப் பதிவுகளிலேயே இருக்கின்றன. ஆகவே குரலை ரகசியமாக வைத்துக்கொள்ளும் கட்டம் கடந்துவிட்டது.

லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட சோதனையில், போலிக் குரல்களை மனிதர்கள் ஏறத்தாழ 73 சதவீத அளவுக்கே கண்டுபிடித்தார்கள். முன்கூட்டியே மாதிரிகளைக் கேட்கவைத்துப் பழக்கியபோதும் அது சிறிதளவே உயர்ந்தது. அவர்கள் அமைதியாக உட்கார்ந்து, "இதில் போலி இருக்கிறது" என்று தெரிந்தே கேட்டவர்கள். உங்கள் கணக்கர் கேட்பது ஐஸ் உடைக்கும் சத்தத்துக்கு நடுவே, கைபேசியின் சிறு ஒலிபெருக்கியில். குரலை ஆராயும் மென்பொருள்களும் உண்டு, ஆனால் இரைச்சலும் வாட்ஸ்அப்பின் ஒலிச்சுருக்கமும் சேர்ந்தால் அவை தடுமாறும். உண்மையான குரலைப் போலி என்றும் சொல்லும். காயப்போட்ட கருவாட்டின் மேல் வலையை விரிக்காமல், வரும் காக்கைகளில் எது திருடும் என்று முகம் பார்த்துக்கொண்டிருப்பதைப் போன்றது இது.

எண் பற்றியும் ஒரு வார்த்தை. வெளிநாட்டிலிருந்து இந்திய எண்ணைப் போலக் காட்டி வரும் அழைப்புகளைத் தடுக்க, தொலைத்தொடர்புத் துறை 2024 அக்டோபரில் ஓர் அமைப்பைத் தொடங்கியது. வாட்ஸ்அப் அழைப்பு இணையத்தின் வழியே வருவதால் அந்த வடிகட்டியில் சிக்காது. படத்தை யார் வேண்டுமானாலும் எடுத்து வைத்துக்கொள்ளலாம். திருப்பி அழைக்கும்போதும் வந்த எண்ணையே அழுத்தாமல், அலுவலகப் பதிவேட்டில் எழுதிவைத்த எண்ணைக் கையால் அடித்து, வாட்ஸ்அப்பில் அல்லாமல் சாதாரண அழைப்பாகப் பேசுங்கள்.

பதில்: ராமேஸ்வரம் விடுதி நிர்வாகி

மேலே சொன்னவை சரியே, ஆனால் இரட்டை ஒப்புதல் எல்லோருக்கும் பொருந்தாது. எங்கள் விடுதியில் கணக்கையும் பணத்தையும் பார்ப்பது நான் ஒருத்திதான். உரிமையாளர் அம்மா மதுரையில் இருக்கிறார். கடற்பாசி எடுக்கும் பெண்களின் சுய உதவிக் குழுக்களிலும், பாம்பனில் ஒற்றை ஆள் நடத்தும் கொள்முதல் கூடங்களிலும் இதே நிலைதான். இரண்டாவது ஆள் எங்கிருந்து வருவார்?

நாங்கள் வைத்திருப்பது ஒரு சங்கேதக் கேள்வி. அதற்கான விடையை நேரில் மட்டுமே சொல்லிக்கொண்டோம், கைபேசியில் எழுதுவதில்லை. பெரிய நிறுவனத்திலும் இது உதவியிருக்கிறது. 2024 ஜூலையில் ஃபெராரி நிறுவனத்தின் உயர் அதிகாரி ஒருவருக்குத் தலைமைச் செயல் அதிகாரியின் குரலில் அழைப்பு வந்தபோது, சில நாட்களுக்கு முன் அவர் தமக்குப் பரிந்துரைத்த புத்தகத்தின் பெயர் என்ன என்று கேட்டார். அழைத்தவர் இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

ஆனால் என்னை அதிகம் உறுத்துவது வேறு. வங்கி அலுவலர் ஐயாவின் விதி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், பன்னிரண்டாயிரம் ரூபாய் சம்பளம் வாங்கும் பெண் தன் முதலாளியிடம், "ஐயா, நீங்கள்தானா என்று பார்க்க வேண்டும், வைத்துவிடுங்கள், நான் திருப்பி அழைக்கிறேன்" என்று சொல்வாளா? நம் ஊரில் முதலாளி கோபப்பட்டால் அடுத்த நாள் வேலை இருக்குமா என்ற பயம் இருக்கிறது. மோசடிக்காரன் குரலை மட்டுமா எடுத்துக்கொள்கிறான்? அந்தக் குரலுக்கு நாம் நடுங்குவதையும் சேர்த்துத்தான் எடுத்துக்கொள்கிறான். உங்கள் கணக்கர் மச்சான் கணக்கு என்ற பதிலோடு நிற்காமல் எழுந்து உங்கள் அறைக்கு வந்தார் பாருங்கள், அந்தத் துணிவை விதியாக்க முடியுமா என்று யோசியுங்கள்.

மறுமொழி: மண்டபம் மேலாளர்

அனைவருக்கும் நன்றி. நிர்வாகி அம்மா சொன்னது நேராக வந்து தைத்தது. அன்று எழுந்து வருவதற்கு முன்பு, "முதலாளியைச் சந்தேகப்படுகிறோமோ" என்று கொஞ்ச நேரம் தயங்கியதாகக் கணக்கரும் சொன்னார்.

முதலாளி ஊருக்கு வந்தபோது இந்த உரையாடலை அப்படியே படித்துக் காட்டினேன். ஹாங்காங் கதையைக் கேட்டபின் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார். அவர் கையெழுத்தில் ஓர் அறிவிப்பை எழுதி வாங்கிக் கணக்கரின் மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறோம்: "புதிய கணக்குக்குப் பணம் அனுப்பச் சொல்லி நானே பேசினாலும், பதிவேட்டிலுள்ள எண்ணில் திருப்பி அழைத்து உறுதி செய்யாமல் அனுப்பக் கூடாது. அதனால் சரக்கு தாமதமானால் நட்டம் என்னுடையது. அனுப்ப மறுத்தவரை நான் கடிந்துகொள்ள மாட்டேன்." மூன்றாவது வரியை அவராகவே சேர்த்தார்.

இரண்டு ஐயங்கள் மிச்சம் இருக்கின்றன. முதலாளி விமானத்தில் இருக்கும்போதும், வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்திலும் திருப்பி அழைக்க வழியில்லை. உண்மையிலேயே அவசரமாக ஏதேனும் வந்தால் என்ன செய்வது? அடுத்து, தப்பித் தவறிப் பணம் போய்விட்டால் முதல் ஒரு மணி நேரத்தில் என்னென்ன செய்ய வேண்டும்?

பதில்: சாயல்குடி வழக்கறிஞர்

இரண்டாவது கேள்விக்கு. முதல் வேலை 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணை அழைப்பது. அதே நேரத்தில் இன்னொருவர் உங்கள் வங்கிக் கிளையைப் பிடிக்க வேண்டும். 1930 இல் பதிவாகும் புகார் வங்கிகளுக்குச் சென்று, பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்கு முன் நிறுத்திவைக்கப்பட வாய்ப்பு உண்டு. அந்தத் தாவல் சில நிமிடங்களிலேயே நடந்துவிடும் என்பதால், "முதலாளி வரட்டும், கேட்டுவிட்டுப் புகார் கொடுப்போம்" என்று காத்திருப்பதுதான் பெரும்பாலும் பணத்தை இழக்க வைக்கிறது. அழைக்கும்போது கையில் இருக்க வேண்டியவை பரிமாற்றத்தின் யுடிஆர் எண் (வங்கி தரும் அடையாள எண்), தொகை, நேரம், பணம் போன கணக்கு எண், அழைப்பு வந்த எண் ஆகியவை. அதன்பின் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் புகாரை முழுமையாகப் பதிவுசெய்து, ராமநாதபுரத்திலுள்ள மாவட்ட சைபர் குற்றப் பிரிவுக் காவல் நிலையத்திலும் எழுத்தில் கொடுங்கள்.

வாட்ஸ்அப் உரையாடலை அவமானம் என்று எண்ணி அழித்துவிடுகிறார்கள், அழிக்கக் கூடாது. படம், எண், குரல் பதிவு, அழைப்புப் பட்டியல் எல்லாமே சான்றுகள். ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 319ஆம் பிரிவில் ஐந்து ஆண்டுகள் வரையும், தகவல் தொடர்புச் சாதனம் வழியாகச் செய்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் மூன்று ஆண்டுகள் வரையும் சிறைத்தண்டனைக்குரியது. பணம் போகாமல் தப்பிய உங்கள் நிகழ்வையும் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில், சந்தேக அழைப்புகளைத் தெரிவிக்கும் சக்ஷு பகுதியில் தெரிவிக்கலாம்; அந்த எண்ணை முடக்க அது உதவும்.

ஒன்றைக் கசப்பானாலும் சொல்லிவிடுகிறேன். அனுமதியில்லாத பரிமாற்றங்களில் வாடிக்கையாளரின் பொறுப்பைக் குறைக்கும் ரிசர்வ் வங்கியின் விதிகளைக் காட்டிப் பணத்தைக் கேட்கலாம் என்று பலர் என்னிடம் வருகிறார்கள். இங்கே உங்கள் ஊழியரே கடவுச்சொல்லையும் ஓடிபியையும் போட்டு அனுப்புகிறார். வங்கி அதை உங்கள் ஒப்புதலோடு நடந்த பரிமாற்றம் என்றுதான் சொல்லும். பணம் போன பிறகு சட்டத்தை நம்புவதைவிட, மேசைக்கு மேலே ஒட்டிய அந்த அறிவிப்பை நம்பலாம்.

பதில்: ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், ராமநாதபுரம்

முதல் ஐயத்துக்கு. முதலாளி கிடைக்காத நேரத்தில் உறுதி செய்ய வேண்டியவர் இன்னார் என்று இப்போதே எழுதிவையுங்கள். அவர் மகனாக இருக்கலாம். அவரும் புதிய கணக்கை முதலாளியிடமிருந்து கேட்டுத் தெரிந்துகொள்ளாமல், பணம் பெறுபவரின் அலுவலகத்தையே அழைத்துச் சரிபார்க்க வேண்டும். தூத்துக்குடி ஏஜென்டின் மேசை எண் உங்கள் பழைய ரசீதுகளிலேயே இருக்கிறது. "கண்டெய்னர் நிற்கிறதா" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால், அன்றைக்கு மகனைத் தேடிப் பிடித்திருக்கத் தேவையே இருந்திருக்காது. முதலாளியின் எண்ணுக்குப் போகும் அழைப்புகள் வேறெங்கும் திருப்பிவிடப்படவில்லை என்பதையும் அவர் கைபேசி அமைப்பில் அவ்வப்போது பார்க்கச் சொல்லுங்கள். ஏதோ ஓர் எண்ணை அழுத்தச் சொல்லி அழைப்பைத் தம் பக்கம் திருப்பிக்கொள்பவர்களும் உண்டு. இருவருமே கிடைக்கவில்லையென்றால் பணம் போகாது, அவ்வளவுதான். ரீஃபர் கண்டெய்னர் தூத்துக்குடியில் மின்இணைப்போடு ஒரு நாள் கூடுதலாக நின்றால் வாடகைதான் கூடும்.

பயனாளிகளின் பட்டியலைச் சரிபார்க்க, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். கொள்முதல் குறைந்திருக்கும், ஆனால் படகைக் கரையேற்றிப் பழுதுபார்ப்பதற்கு முன்பணம் கேட்டு உரிமையாளர்கள் அதிகம் அழைக்கும் காலமும் அதுவே. ஒவ்வொருவரும் அலுவலகத்துக்கு வரும்போது வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கத்தை நேரில் வாங்கிப் பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். அதே நேரத்தில், உங்கள் நிறுவனத்தின் பெயரிலோ உங்கள் குரலிலோ யாராவது அழைத்து, "முன்பணம் தவறாக வந்துவிட்டது, திருப்பி அனுப்புங்கள்" என்று கேட்டால் அனுப்பக் கூடாது என்பதையும் அவர்களிடம் சொல்லிவையுங்கள். பதிவேடு முடிந்தபின், முதலாளியையே வேறொரு எண்ணிலிருந்து அழைத்துப் புதிய கணக்குக்குப் பணம் கேட்கச் சொல்லிப் பாருங்கள். கணக்கர் மறுத்தால் சரி.